டவ்டெயில் ஜிக் வாங்கும் முன் டிராயரை அளந்து பாருங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக்கொலுசு மொத்த வியாபாரம் செய்கிற ஒரு அண்ணா, சில வருஷங்களுக்கு முன் ஒரு டிராயரை இரண்டு துண்டாகக் கொண்டுவந்து அம்மாபேட்டையில் இருக்கும் எங்கள் பட்டறைத் திண்ணையில் வைத்தார். முன்பலகை தனி, பெட்டி தனி. உள்ளே பதினைந்து கிலோவுக்குக் குறையாமல் கொலுசு இருக்குமாம். வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை இழுப்பார்களாம். ஆணி அடித்து, பெவிகால் போட்ட மூலைகள். முன்பலகையின் பின்புறம் நாலு ஆணியும் வளையாமல் நீட்டிக்கொண்டு நின்றன. பக்கப்பலகையின் தலைப்பில் அந்த ஆணிகள் இருந்த இடம் மட்டும் கிழிந்து பொக்கையாக இருந்தது.

"அம்மிணி, இதே அளவுல பன்னெண்டு டிராயர் புதுக் கவுண்டருக்கு வேணும். இனிமே முன்பலகை கையோட வரக்கூடாது" என்றார்.

அதற்கு நல்ல வழி டவ்டெயில். ஐ.டி.ஐ. பாடத்தில் புறாவால் இணைப்பு என்பார்கள். பக்கப்பலகையின் நுனியை விரிந்த வால் போல வெட்டி, முன்பலகையில் அதே வடிவத்தில் குழி எடுத்துப் பொருத்துவது. இழுக்கிற திசையில் வால் விரிந்து நிற்பதால், நாளைக்குப் பசை விட்டுப்போனாலும் முன்பலகை கழன்று வராது. எங்கள் அப்பா இதைச் சின்ன ரம்பத்தாலும் உளியாலும் கையிலேயே வெட்டுவார். ஒரு டிராயரின் நாலு மூலைக்கு அவருக்கு ஒரு காலைப்பொழுது ஆகும். பன்னிரண்டு டிராயர் என்றால் நாற்பத்தெட்டு மூலை. அப்போது அவருக்குக் கண்ணில் புரை எடுத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் ஜிக் வாங்கினேன், அதாவது பலகையைப் பிடித்துக்கொண்டு, வெட்டும் கருவி வழி தப்பாமல் ஓட வைக்கிற சட்டம். என்ன அளவு, எந்த ரூட்டர் (பிட் என்கிற அலகைக் கரண்டில் சுழற்றி மரத்தில் குழி எடுக்கிற கருவி) என்று எதையும் யோசிக்காமல், படத்தைப் பார்த்து ஆன்லைனில் வாங்கினேன். அதில் தேக்கு முன்பலகை எட்டு வீணானது. அந்த எட்டுப் பலகையை வேறு யாரும் இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஜிக் சொல்வதை டிராயர் கேட்பதா, டிராயர் சொல்வதை ஜிக் கேட்பதா

கடையில் விற்கிற ஜிக்கில் பெரும்பாலானவை 12 இஞ்ச் அகல, நிலையான பல் கொண்டவை. சீப்பு மாதிரி ஒரு டெம்ப்ளேட் மேலே இருக்கும். பக்கப்பலகையை முன்னால் செங்குத்தாகவும், முன்பலகையை மேலே படுக்கையாகவும் கிளாம்ப் போட்டு, ரூட்டரைச் சீப்பின் பல்லுக்குள் விட்டு விட்டு எடுத்தால் வாலும் குழியும் ஒரே ஓட்டத்தில் வெட்டுப்படும். இரண்டு பலகையும் ஒன்றுக்கொன்று அரைப் பல் தள்ளி நிற்க வேண்டும். அதற்கான தடை ஜிக்கின் இரு ஓரத்திலும் இருக்கும். உள்பக்கம் எதுவோ அது வெளியே பார்த்து நிற்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மறந்தால் டிராயர் உள்வெளி மாறிப் பிறக்கும்.

இந்த ஜிக்கில் பல்லுக்குப் பல் இடைவெளி மாறாது. என்னுடையதில் அது 7/8 இஞ்ச், அதாவது 22.2 மில்லி. இந்த ஒரு எண்ணை நான் வாங்கும்போது பார்க்கவில்லை. டிராயர் உயரம் இந்த எண்ணின் மடங்காக இருந்தால்தான் மேலேயும் கீழேயும் பாதிப் 'பின்' (குழிகளுக்கு நடுவே முன்பலகையில் மிச்சம் நிற்கிற கட்டை) வந்து மூலை அழகாகவும் உறுதியாகவும் முடியும். நாலு பல்லுக்கு 89 மில்லி, ஐந்துக்கு 111, ஆறுக்கு 133, ஏழுக்கு 156. அண்ணாவின் டிராயர் 100 மில்லி உயரம். நாலரைப் பல். மேலே ஒழுங்காக ஆரம்பித்த மூலை, கீழே பாதி வாலோடு நின்றது. முன்பலகையின் அடி ஓரத்தில் அந்தப் பாதிக் குழி வாயைத் திறந்துகொண்டு இருந்தது. முதல் இரண்டு பலகையிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். தடையை நகர்த்தினால் சரியாகும் என்று நினைத்து நகர்த்தி நகர்த்தி எட்டையும் வெட்டினேன். நகர்த்தினால் குறை கீழேயிருந்து மேலே போகுமே தவிர, மறையாது.

கடைசியில் அண்ணாவிடமே போய் உண்மையைச் சொன்னேன். கவுண்டர் புதிதாகச் செய்வதுதானே, ஒவ்வொரு அறையையும் அரை இஞ்ச் உயர்த்தி, டிராயரை 111 மில்லியாகச் செய்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். நாலு வரிசைக்கு மொத்தம் இரண்டு இஞ்ச் கவுண்டர் உயர்ந்தது. கொலுசு காட்டக் குனிய வேண்டியதில்லை என்று அவருக்கு அது பிடித்தும் போனது.

ஆகவே வாங்குவதற்கு முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான்: நீங்கள் செய்வது புதிய சாமானா, பழைய சாமானுக்குள் நுழைய வேண்டிய டிராயரா? புதிய அலமாரி, புதிய கவுண்டர், புதிய பெட்டி என்றால் நிலையான பல் ஜிக் போதும். வரைபடம் போடும்போதே டிராயர் உயரத்தைப் பல் கணக்கில் போட்டுவிடலாம். காசு மிச்சம், வேகமும் அதிகம். ஆனால் ஏற்காட்டு பங்களாக்களில் இருக்கும் பழைய மேஜை, பீரோவுக்கு டிராயர் செய்து கொடுக்கிறவர் என்றால், அங்கே அறை அளவு ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அதற்குப் பல்லைத் தனித்தனியே நகர்த்தி வைக்கிற ஜிக் வேண்டும். கனடாவின் லீ நிறுவனத்து ஜிக்குகள் இந்த வகையில் பெயர் பெற்றவை. (எங்கள் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெயரைக் கேட்டு அங்கே போய்த் தேடிய ஒரு தம்பி எனக்குத் தெரியும்.) ஒவ்வொரு விரலையும் திருகு தளர்த்தி வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். ஓரத்தில் நெருக்கமாக, நடுவில் அகலமாக என்று கையால் வெட்டினது போலவே அமைக்கலாம். விலை நிலையான பல் ஜிக்கைவிடப் பல மடங்கு. இறக்குமதி வரியும் கூரியரும் சேரும். நான் இரண்டாவதாக வாங்கியது இந்த வகைதான், அதுவும் பழைய சாமான் வேலை மாதாமாதம் வர ஆரம்பித்த பிறகு.

இன்னொன்று, மூலை எப்படித் தெரிய வேண்டும் என்பது. டிராயரின் முன்னால் வால் தெரியக் கூடாது, பக்கத்தில் மட்டும் தெரிய வேண்டும் என்றால் அது ஹாஃப் பிளைண்ட். பெட்டியின் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும் என்றால் அது த்ரூ. சாதாரண 12 இஞ்ச் ஜிக் பலதும் ஹாஃப் பிளைண்டுக்கு மட்டும் செய்யப்பட்டவை. த்ரூ வேண்டுமென்றால் இரண்டு டெம்ப்ளேட் வேண்டும். வாலுக்கு ஒன்று, அதில் டவ்டெயில் பிட் ஓடும். பின்னுக்கு ஒன்று, அதன் விரல்கள் சாய்வாக இருக்கும், அதில் நேர் பிட் ஓடும். போர்ட்டர்-கேபிள் 4212 மாதிரி ஜிக்கோடு இரண்டு வகைக்குமான டெம்ப்ளேட் வரும். கெல்லர் என்ற பெயரில் வருவது தடித்த அலுமினியத் தகடு இரண்டு மட்டும்தான். அதை நாமே ஒரு மரக்கட்டையில் திருகி, பலகையோடு சேர்த்துப் பிடித்து ஓட்ட வேண்டும். உயரப் பெட்டி செய்கிறவர்களுக்கு அது வசதி, ஏனென்றால் தகட்டைத் தள்ளித் தள்ளி வைத்து எவ்வளவு அகலப் பலகையும் வெட்டலாம்.

டிராயர் மட்டுமே செய்கிறீர்கள் என்றால் த்ரூ இருக்கிறதே என்று அதிகப் பணம் கொடுக்காதீர்கள். என் வேலையில் பத்துக்கு எட்டு ஹாஃப் பிளைண்ட்தான்.

பலகைத் தடிப்பையும் அளந்துகொண்டு போங்கள். நம் ஊர் சா மில்லில் முன்பலகைக்கு 6 நூல், பக்கத்துக்கு 4 நூல் என்று வாங்குவோம். 6 நூல் என்றால் 19 மில்லி, 4 நூல் என்றால் 12.7. இழைத்து முடித்த பிறகு அது ஒன்றரை, இரண்டு மில்லி குறைந்திருக்கும். ஜிக்கின் விவரத்தில் எவ்வளவு தடிப்பு முதல் எவ்வளவு தடிப்பு வரை கிளாம்ப் பிடிக்கும் என்று எழுதியிருப்பார்கள். அந்த வரம்புக்குள் இழைத்த பிறகான உங்கள் தடிப்பு வர வேண்டும். மில்லில் சொன்ன தடிப்பை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

உங்கள் ரூட்டரோடு சேருமா

ஜிக் வாங்கின பாதிப் பேருக்கு இங்கேதான் சிக்கல். பெட்டியோடு வருகிற பிட் பெரும்பாலும் அரை இஞ்ச் அகலம், 14 டிகிரி. அதன் ஷேங்க், அதாவது ரூட்டருக்குள் போகிற தண்டு, கால் இஞ்ச். கால் இஞ்ச் என்பது 6.35 மில்லி. நம் ஊரில் விற்கிற ட்ரிம்மர்களில், அதாவது சின்ன ரூட்டர்களில், 6 மில்லி கோலெட்டும் (தண்டைப் பிடிக்கிற வாய்) உண்டு, 6.35ம் உண்டு. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 6.35 தண்டு 6 மில்லி கோலெட்டில் நுழையாது, அதோடு போயிற்று. ஆபத்து மறுபக்கம். 6 மில்லி தண்டை 6.35 கோலெட்டில் போட்டு இறுக்கினால் பிடித்த மாதிரி இருக்கும். நிமிஷத்துக்கு இருபதாயிரம் சுற்றில் அது மெல்ல வெளியே இறங்கும். டவ்டெயில் வெட்டும்போது இறங்கினால் குழி ஆழமாகும். அதற்கு மேல் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 12 மில்லிக்கும் 12.7க்கும் இதே கதை. வெர்னியரை எடுத்து அளந்து பாருங்கள், கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பாதீர்கள்.

பெரிய ரூட்டர் இருக்கிறது, அரை இஞ்ச் தண்டு பிட் வாங்கினால் உறுதியாக இருக்குமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இந்த வகை ஜிக்கில் ரூட்டருக்கு அடியில் மாட்டுகிற கைடு புஷ் (சீப்பின் பல்லைத் தொட்டு ஓடுகிற வளையம்) பெரும்பாலும் 7/16 இஞ்ச், அதாவது 11.1 மில்லி வெளி அளவு. அதற்குள் 12.7 மில்லி தண்டு எப்படிப் போகும்? கால் இஞ்ச் அல்லது 8 மில்லி தண்டுதான் போகும். ஆகவே பெரிய ரூட்டர் வைத்திருப்பவர்கள் அதற்கான சிறிய கோலெட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அந்தப் புஷ்ஷும் உங்கள் ரூட்டர் அடித்தட்டில் உட்கார வேண்டும். போர்ட்டர்-கேபிள் வகைப் புஷ் என்று பொதுவாகச் சொல்கிறது 1-3/16 இஞ்ச் துளையில் உட்காருகிற வகை. பல ஜிக்கில் அதுதான் வருகிறது. உங்கள் ரூட்டர் கம்பெனி தனக்கென்று வேறு வகை வைத்திருந்தால் இடையில் ஒரு தட்டு வாங்க வேண்டியிருக்கும். தட்டு வாங்கினால் புஷ் நடுவில் இருக்கிறதா என்பது புதுக் கேள்வி. நான் பிட் தண்டுக்கும் புஷ் ஓரத்துக்கும் இடையே நாலு பக்கமும் அளப்பேன். கால் மில்லி வித்தியாசம் இருந்தால் தட்டுத் திருகுகளைத் தளர்த்தி நகர்த்திப் பார்ப்பேன். முழுக்கச் சரியாகவில்லை என்றால் ஒரு வழி உண்டு. ரூட்டர் அடித்தட்டில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்து, ஆரம்பம் முதல் கடைசி வரை அந்தப் பொட்டு என்னைப் பார்த்தபடியே ஓட்டுவேன். ரூட்டர் திரும்பாமல் இருந்தால், புஷ் கொஞ்சம் நடுவை விட்டு விலகி இருந்தாலும் எல்லாப் பல்லிலும் ஒரே அளவுக்குத்தான் விலகும்.

சக்தி விஷயத்தில் கஞ்சம் வேண்டாம். நேர் பிட் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் இறக்கி மூன்று ஓட்டத்தில் வெட்டலாம். டவ்டெயில் பிட்டுக்கு அந்த வசதி கிடையாது. அடி அகலம், மேல் குறுகல் என்பதால் முழு ஆழத்தையும் ஒரே ஓட்டத்தில் வெட்டியாக வேண்டும். சிறு ட்ரிம்மரால் சில்வர் ஓக் வெட்டலாம். தேக்கில் திணறும், தண்டு சூடாகும். ஆயிரம் வாட்டுக்கு மேல் உள்ள ரூட்டர் எடுங்கள். எங்கள் தெருவில் தறிகள் ஓடும் நேரத்தில் கரண்டு இறங்கும். அப்போது நான் ரூட்டரைத் தொடுவதில்லை, சத்தம் சோர்வதிலேயே தெரிந்துவிடும்.

பிட் கார்பைடு நுனியாக இருக்கட்டும். தேக்கில் மணல் சத்து உண்டு, வெறும் ஸ்டீல் பிட்டின் கூர்மையை அது சீக்கிரம் தின்றுவிடும். ஜிக்கோடு வருகிற பிட்டைப் பழகுவதற்கு வைத்துக்கொண்டு, அதே அகலம், அதே டிகிரியில் நல்ல பிட் ஒன்று தனியே வாங்குங்கள். டிகிரி மாறினால் அந்த ஜிக்கில் மூலை பொருந்தாது. 14 டிகிரி என்பது நாலுக்கு ஒன்று சாய்வு. கையால் வெட்டுகிறவர்கள் கடின மரத்துக்கு எட்டுக்கு ஒன்று, மெது மரத்துக்கு ஆறுக்கு ஒன்று என்று வைப்பார்கள், அதாவது ஏழு முதல் ஒன்பதரை டிகிரி. அதனால்தான் ஜிக் மூலை கொஞ்சம் அதிகமாக விரிந்து தெரியும். பழைய சாமானுக்கு அந்த வித்தியாசம் கண்ணில் குத்தும். அங்கே 7 அல்லது 8 டிகிரி பிட் ஓடுகிற ஜிக் வேண்டும், இல்லையென்றால் கைரம்பம்தான்.

கையில் வந்ததும் காகிதச் சோதனை

எட்டுப் பலகை வீணானதற்குப் பல் கணக்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் கிளாம்ப். ஆறாவது பலகை வெட்டும்போது நான் பார்த்தது இது. பக்கப்பலகையின் இடது ஓரத்தில் பல் சுத்தமாக இறங்கியது. நடுவுக்கு வந்ததும் ரூட்டரின் சத்தம் மாறியது, விசில் மாதிரி இருந்தது குறட்டை மாதிரி ஆனது. பலகை மெல்ல, கண்ணுக்குத் தெரியாத அளவு, கீழே நழுவிக்கொண்டிருந்தது. வலது ஓரத்துக்குப் போனபோது முதல் பல்லுக்கும் கடைசிப் பல்லுக்கும் ஆழத்தில் ஒரு மில்லி வித்தியாசம். இடது மூலையைக் கையால் அழுத்தியே மாட்டிவிட முடிந்தது, வலது பக்கம் நுழையவே இல்லை. பக்கத்தில் நின்ற அப்பா, நான் கொட்டாப்புளியை எடுப்பதைப் பார்த்து, "வேண்டாங்கண்ணு. இறுக்கத்தை அடிச்சு உள்ள தள்ளுனா இன்னைக்குப் போகும், நாளைக்கு முன்பலகை பொளந்துக்கும்" என்று கையைப் பிடித்தார்.

கிளாம்ப் சட்டம் நீளமாக இருந்து இரண்டு ஓரத்திலும் மட்டும் இறுக்கினால் நடுவில் வில் மாதிரி வளையும். அதைக் கண்டுபிடிக்கச் செய்தித்தாள் போதும். பலகையைக் கிளாம்பில் வைக்கும்போது இடது, நடு, வலது மூன்று இடத்திலும் ஒரு விரல் அகலக் காகிதத் துண்டைச் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் வைத்து இறுக்குங்கள். ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். மூன்றும் கிழிய வேண்டும். நடுவில் இருப்பது கிழியாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் கிளாம்ப் வளைகிறது என்று அர்த்தம். கடையில் வாங்குகிறீர்கள் என்றால் அங்கேயே ஒரு பலகைத் துண்டை எடுத்துக்கொண்டு போய் இதைச் செய்து பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் செய்துவிடுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

வழுக்கல் கொஞ்சமாக இருந்தால் 80 நம்பர் உப்புத்தாளைச் சட்டத்தின் உள்பக்கம் ஒட்டினால் சரியாகும். வளைவு அதிகமாக இருந்தால் எந்த ஒட்டும் உதவாது, அந்த ஜிக் வேண்டாம். வளைத்த தகட்டால் செய்த அடிச்சட்டத்தைவிட, வார்த்த அல்லது தடித்த அலுமினியச் சட்டம் நல்லது. இரண்டு கையாலும் ஜிக்கின் இரு முனையைப் பிடித்து எதிர்ப்பக்கமாக முறுக்கிப் பாருங்கள். முறுக்கு கொடுத்தால் வேலை செய்யும்போதும் கொடுக்கும்.

டெம்ப்ளேட்டை வெர்னியரால் அளந்து பாருங்கள். முதல் பல், நடுப் பல், கடைசிப் பல் ஒரே அகலமா, ஓரம் பிசிறு இல்லாமல் இருக்கிறதா? அலுமினியமா, பேக்கலைட் மாதிரித் தகடா என்பதில் எனக்குப் பெரிய விருப்பு வெறுப்பு இல்லை. அலுமினியம் வளையாது. பேக்கலைட்டில் தவறிப்போய் பிட் பட்டாலும் பிட் தப்பிக்கும், தகடுதான் போகும். தனியாக டெம்ப்ளேட் மட்டும் விலைக்குக் கிடைக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள், என்றாவது ஒரு நாள் வேண்டியிருக்கும்.

முதல் மூலை

பிட்டின் அடிவாய் புஷ்ஷைவிட அகலம். அதனால் ரூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது டெம்ப்ளேட்டிலிருந்து மேலே தூக்கவே கூடாது. தூக்கினால் பல்லையும் பிட்டையும் ஒரே நொடியில் இழப்பீர்கள். பலகைக்கு வெளியே இழுத்து, சுவிட்சை நிறுத்தி, சுற்று நின்ற பிறகுதான் தூக்க வேண்டும். கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். தேக்குத் தூள் மூக்கை அரிக்கும்.

டெம்ப்ளேட் பல்லுக்குள் போவதற்கு முன், பக்கப்பலகையின் முன்முகத்தில் வலமிருந்து இடமாக, ஒரு மில்லி ஆழத்துக்கு மட்டும் லேசாக ஒரு ஓட்டம் விடுங்கள். ரூட்டரை இறுகப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும், அது முன்னே ஓடப் பார்க்கும். இந்த ஒரு கோடு இருந்தால் பிறகு பல்லுக்குள் போகும்போது மரம் சிலும்பாது. சில்வர் ஓக்கில் இதைச் செய்யாமல் நான் வெட்டுவதே இல்லை. பிறகு இடமிருந்து வலமாக ஒவ்வொரு பல்லுக்குள்ளும் போய் வரலாம்.

முதல் மூலை நல்ல பலகையில் வேண்டாம். அதே பலகையின் கழிவுத் துண்டில், அதே தடிப்பில், அன்றைக்கே வெட்டிப் பாருங்கள். மாட்டும்போது தளர்வாக இருந்தால் பிட்டை இன்னும் கொஞ்சம் ஆழம் இறக்குங்கள். இறுக்கமாக இருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். முதலில் கேட்கும்போது இது தலைகீழாகத் தோன்றும். குழியின் அடி அகலம் எப்போதும் பிட்டின் அகலம்தான். ஆழம் கூடக் கூடக் குழியின் வாய் குறுகும், மிச்சம் நிற்கிற வாலின் நுனி பெருக்கும். அதனால் ஆழம் கூடினால் இறுகும். கால் மில்லி மாற்றத்துக்கே வித்தியாசம் தெரியும், ஆகவே ஆழத்தை நுணுக்கமாகத் திருகி மாற்றுகிற வசதி உள்ள ரூட்டர் இருந்தால் பாதி வேலை மிச்சம்.

இறுக்கம் சரி, ஆனால் பக்கப்பலகை முன்பலகையின் ஓரத்தோடு சமமாக நிற்கவில்லை என்றால் அது பிட் ஆழம் இல்லை, டெம்ப்ளேட்டின் இடம். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் குழி போதவில்லை, டெம்ப்ளேட்டை உங்களை விட்டுப் பின்னால் தள்ளுங்கள். உள்ளே அமுங்கிவிட்டால் உங்கள் பக்கம் இழுங்கள். இரண்டு பிரச்சினையையும் ஒரே நேரத்தில் சரி செய்யப் போகாதீர்கள். முதலில் இறுக்கம், அது முடிந்த பிறகு சமம்.

எவ்வளவு இறுக்கம் சரி என்று கேட்பார்கள். பசை இல்லாமல், உள்ளங்கையால் தட்டினால் முக்கால் பங்கு போக வேண்டும், மீதிக் கால் பங்குக்கு மட்டும் கொட்டாப்புளி. கையாலேயே முழுக்கப் போனால் பசை தடவியபின் ஆடும். பசை ஈரத்தில் மரம் ஊறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஏற்காட்டு வேலைக்கு ஒரு வார்த்தை. காப்பித் தோட்டத்தில் நிழலுக்கும் மிளகுக் கொடி ஏறவும் வளர்த்த சில்வர் ஓக், காற்றில் சாய்ந்தால் எங்களுக்குக் கிடைக்கும். ஒரு வருஷம் அடுக்கிக் காயவைத்துத்தான் தொடுவேன். சித்திரை வெயிலில் சேலத்தில் அளவாகச் செய்த டிராயரை மலைக்கு ஏற்றி, ஐப்பசி மூட்டத்தில் பார்த்தபோது அறைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. மூலைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பலகையின் ரேகையும் ஒத்துப் போவதால் அவை சேர்ந்தே ஊறின, சேர்ந்தே சுருங்கும். உயரம்தான் ஏறியிருந்தது. இப்போது மலைக்குப் போகிற டிராயருக்கு உயரத்தில் 3 மில்லி இடைவெளி விடுகிறேன். பல் கணக்கில் அறையின் உயரத்தை முடிவு செய்யும்போதே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வருஷத்துக்கு நாலைந்து டிராயர்தான் செய்வீர்கள் என்றால் ஜிக்கே வேண்டாம் என்பது என் எண்ணம். ஒழுங்காக அமைக்க ஒரு மணி நேரம் போகும், அதற்குள் கையில் ஒரு மூலை வெட்டிவிடலாம். ஆறுக்கு ஒன்று சாய்வில் ஒரு சின்ன மரக்கட்டை செய்து, அதில் காந்தம் பதித்து, ரம்பத்தகடு அதில் ஒட்டி ஓடுகிற மாதிரி வைத்துக்கொண்டால் கோடு பிசகாது. மாதத்துக்குப் பத்து டிராயர் வந்தால் ஜிக் வாங்குங்கள், முடிந்தால் அதற்கென்று ஒரு ரூட்டரைத் தனியே ஒதுக்கி, பிட் ஆழத்தைத் தொடாமலே வையுங்கள்.

ஒரு வேலை முடிந்ததும், சரியாகப் பொருந்திய கழிவுத் துண்டு மூலையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் மரம், முன்பலகைத் தடிப்பு, பக்கப்பலகைத் தடிப்பு எழுதி, ஜிக் மாட்டியிருக்கும் சுவரில் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். அடுத்த முறை அதே வேலை வந்தால் அந்த மூலையைப் பிரித்து, வெட்டிய பக்கப்பலகையை ஜிக்கில் வைத்து, பிட்டின் நுனி பழைய குழியின் அடியைத் தொடும் வரை இறக்கினால் போதும். 'தேக்கு, 17, 11, கொலுசு' என்று எழுதிய துண்டுதான் அதில் அதிகம் கைபட்டு வழவழத்துப் போனது.